நெல் கண்ணில் படவில்லையாம்

புதன்கிழமை நம் ஊர் ரோட்டில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த ஆயாவைக் கார் ஒன்று இடித்துவிட்டது. அந்த விஷயத்தை அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி நம் ஊர்க் குரூப்பில் சுற்றிய ஆடியோவைக் கேட்ட பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"ரோட்டில் நெல்லைக் கொட்டி வைத்தால் வண்டி எங்கேதான் போகும்?" மூன்று நாளாக இதே பேச்சு. பேசுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டு நெல் போன வாரம் அதே ரோட்டில்தான் காய்ந்தது. சரி, கிடக்கட்டும்.

பட்டப்பகல், பதினொன்றரை மணி. மதகடி வளைவு தாண்டினால் நேர் ரோடு. பாதி ரோட்டுக்கு மஞ்சளாக நெல். ஓரத்தில் வரிசையாகச் செங்கல். முன்னால் ஒரு கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சிவப்புச் சேலை கட்டிய கிழவி ஒருத்தி நின்று காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருக்கிறாள். இத்தனையும் கண்ணில் படவில்லை என்றால், அந்தக் கண் எங்கே இருந்தது?

காரை ஓட்டிவந்த பையனே சொன்னான். முதலில் ஓடிப் போனவர்களில் நானும் ஒருவன். கை நடுங்கிக்கொண்டே, "ஏசியைக் குறைக்கக் கார்த் திரையைத் தொட்டேன் பெரியப்பா, ரெண்டு செகண்டுதான்" என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன், அவன் மேல் எனக்குக் கோபம் அதிகம் இல்லை. ஆனால் ஆடியோவில் அந்த ரெண்டு செகண்ட் காணாமல் போய்விட்டது. நெல் மட்டும் இருக்கிறது, கிழவியின் அஜாக்கிரதை இருக்கிறது. வண்டியின் பம்பருக்கு எவ்வளவு செலவாகும் என்ற கவலைகூட இருக்கிறது!

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ரெண்டு செகண்டுக்கு 33 மீட்டர். கண்ணைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்டு என்றால் ஓட்டுவோமா? அதுவும் ரெண்டே செகண்டில் முடிகிற வேலையா அது? 2022இல் ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை சோதனை செய்து பார்த்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஏசி, ரேடியோ என்று நாலு சாதாரண வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான் வைத்த 2005ஆம் வருஷத்துப் பழைய வால்வோ காரில் 10 செகண்டில் எல்லாம் முடிந்தது, அதற்குள் வண்டி ஓடிய தூரம் 306 மீட்டர். பெரிய திரை வைத்த புதிய கார்களில் ஒன்றுக்கு 44 செகண்டுக்கு மேல் பிடித்தது. ஓடிய தூரம் 1,372 மீட்டர். எங்கள் தெருமுனையிலிருந்து கொள்முதல் நிலையம்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா வெற்றிலை போடுவார். ராத்திரி கரண்ட் போன நேரத்திலும் பெட்டியைத் திறந்து, எது பாக்கு, எது சுண்ணாம்பு என்று விரலாலேயே தடவி எடுத்துவிடுவார். பேச்சு ஒரு வார்த்தை நிற்காது. பழைய கார்களில் ஏசித் திருகு அப்படித்தான் இருந்தது, கை தானாகப் போகும். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும் திரையில் விரலுக்கு என்ன தெரியும்? கண் போய்த்தான் ஆக வேண்டும். கண் போன இடத்துக்கு மனசும் போகும்.

இந்தத் திரையைக் குரூப்பில் குறை சொன்னதற்கு, "வயசாகிவிட்டது, புதுசு எது வந்தாலும் உங்களுக்கு ஆகாது மாமா" என்று ஒரு கமெண்ட். போட்டவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். தம்பி, உங்கள் கல்யாணத்துக்கு ஆன்லைனில் ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தது இந்தப் பட்டிக்காட்டான்தான். ஐரோப்பாவில் புதிய கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹசார்டு விளக்கு, அவசர உதவி இவற்றுக்கெல்லாம் தனிப் பொத்தான் வேண்டும், இல்லாவிட்டால் 2026 முதல் மதிப்பெண் குறையும் என்று சொல்லியிருக்கிறது. அவர்களுக்கும் வயசாகிவிட்டதோ என்னவோ.

"மேப் இல்லாமல் எப்படிப் போவது?" போங்கள், யார் வேண்டாம் என்றது? வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாமல் என்று 2020இல் விதியே வந்துவிட்டது. கிளம்பும் முன் ஊரைப் போட்டுவிட்டுக் காதால் கேளுங்கள். "ப்ளூடூத்தில் பேசினால் கை ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது?" கை இருக்கும். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், போனைக் கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரெண்டு கூட்டமும் குடித்துவிட்டு ஓட்டியவர்களோடு ஒப்பிடும்படிதான் இருந்தது. "பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசினால் மட்டும் பரவாயில்லையா?" என்று ஒருவர். அவர் ரோட்டைப் பார்த்து "ஏய் மாடு" என்று கத்துவார் சார். திரை கத்துமா?

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. போன மாசியில் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வந்துகொண்டிருந்தேன். வடுவூர் ஏரி தாண்டிக் கொஞ்ச தூரம். மகள் போன் பண்ணினாள். வண்டித் திரை முழுக்க அவள் முகம், பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம். எடுக்கக்கூட இல்லை, பார்த்தேன், அவ்வளவுதான். நிமிர்ந்தால் முன்னால் ஒரு சைக்கிள், பின்னால் புல்லுக்கட்டு. எப்படி பிரேக் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. பம்பருக்கும் கட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அந்தப் பெரியவர் இறங்கி, சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கண்ணாடி பக்கம் குனிந்து, "ஏன் தம்பி, தூங்கிட்டியா?" என்றார். ஒரு வசவு இல்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மகள் படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை, தலையை ஆட்டினேன். அன்றைக்கு அந்த ஒரு முழம் இல்லாமல் போயிருந்தால் ஊர்க் குரூப்பில் ஆடியோ என்னைப் பற்றியா வந்திருக்கும்? "புல்லுக்கட்டை இப்படியா கட்டுவது" என்றுதான் வந்திருக்கும்.

நெல்லை ரோட்டில் போடுவது தப்பு. தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி குவித்துத் தார்ப்பாய் மூடி, விளக்கில்லாமல் விட்டுவிட்டுப் போவது பெரிய தப்பு. பைக்கில் வந்தவர்கள் அதில் மோதியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் புதன்கிழமை ராத்திரியா? அப்புறம், ரோட்டில் ஏன் போடுகிறார்கள்? குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்தே வருகிறது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தொட மாட்டார்கள். ஊருக்கு ஊர் களம் இருந்தது, இப்போது அதில் என்ன நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். வெயில் அடிக்கிற ரெண்டு மணி நேரத்துக்குள் காயவைக்கத் தார் ரோட்டை விட்டால் வேறு எது? இதெல்லாம் தெரிந்த டெல்டாக்காரனே, நாலு வருஷம் சென்னையில் இருந்துவிட்டு வந்து, "டிராஃபிக் சென்ஸ் இல்லாத ஜனங்கள்" என்று எழுதுகிறான் பாருங்கள், அங்கேதான் வலிக்கிறது. கார் வாங்கியதும் நெல் குப்பையாகிவிடுமா?

போனைக் கையில் வைத்து ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபாயகரமாக ஓட்டிய குற்றம். முதல் தடவைக்கே ஆயிரத்திலிருந்து ஐயாயிரம்வரை அபராதம், ஜெயிலுக்கும் வழி இருக்கிறது. அதே போனைப் பெரிதாக்கி டாஷ்போர்டில் பதித்துக் கொடுத்தால் அது வசதி. ஷோரூமில் அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. 2022இல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. ஒவ்வொன்றுக்கும் ஒரு நெல் குவியல் இருந்ததா?

நேற்று சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆயாவைப் பார்த்தேன். இடது காலில் முழங்காலுக்குக் கீழே ரெண்டு இடத்தில் முறிவு. என்னைப் பார்த்ததும் கேட்டது, "நெல்ல அள்ளிட்டாங்களாய்யா, மழ வந்துச்சே?" அள்ளிவிட்டார்கள் என்றேன். அள்ளியதில் ஹெட்லைட் கண்ணாடித் தூள் கலந்திருப்பதைச் சொல்லவில்லை. மருமகள் திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பொடிக்கண்ணாடி நெல்லோடு நெல்லாக மினுங்குகிறது. விரலில் துணி சுற்றியிருக்கிறாள். அது பதினாலு மூட்டை.

மச்சான், ஆயா படத்துக்குக் கீழே நீங்கள் போட்ட சிரிப்புப் பொம்மை இன்னும் அப்படியே இருக்கிறது. கை தவறிப் பட்டுவிட்டது என்று அக்காவிடம் சொன்னீர்களாம். சரி, பட்டிருக்கும். மூன்று நாள் ஆகிறது, எடுத்துவிடுங்கள்.