ஊசி போட்டால் மூளை அழுகுமா?

“எடை குறைக்கும் ஊசி போட்டவருக்குக் கெட்ட வாடை வந்தால் மூளை அழுகுது!” மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

எடை குறைக்கும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். உள்ளே தங்கும் சாப்பாட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகி, ஏப்பத்தில் கூமுட்டை நாற்றம் வரலாம். மாட்டுத்தாவணி மல்லிகையை மடியில் கொட்டினாலும் மறையாது! சாப்பாடு ரொம்பக் குறைந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கும். அப்போது மூச்சில் அசிட்டோன், அதாவது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. வாய் ருசி மாறுவதும் அறியப்பட்ட பக்கவிளைவுதான்.

சர்க்கரை நோயாளிக்கு அசிட்டோன் வாடையோடு வாந்தி, மூச்சிரைப்பு இருந்தால் தாமதிக்காமல் அரசு ராஜாஜி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாடை மட்டும் இருந்தால் ஊசி எழுதித் தந்த டாக்டரிடம் சொன்னால் போதும்.