சென்ட் பாட்டிலில் திமிங்கல வாந்தியா?

"நீங்கள் அடிக்கும் எல்லா சென்ட்டிலும் திமிங்கல வாந்தி இருக்கிறது" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

முதலில், திமிங்கல வாந்தி என்று சொல்லப்படும் அம்பர்கிரிஸ் வாந்தியே அல்ல. ஸ்பெர்ம் திமிங்கலம் விழுங்கும் கணவாயின் கூரிய அலகுகள் செரிக்காமல் நிற்க, அவற்றைச் சுற்றிக் குடலில் உருவாகும் மெழுகு அது. புதிதாக வெளிவரும்போது சாண நாற்றம்தான். அதிலுள்ள அம்ப்ரெயின் என்ற வேதிப்பொருள், கடல்நீரிலும் வெயிலிலும் நெடுநாள் கிடந்து சிதைந்த பிறகே மணம் பிறக்கும்.

இன்று கடையில் கிடைக்கும் சென்ட்டுகளில் அந்த மணத்தைத் தருவது பெரும்பாலும் ஆலையில் தயாராகும் அம்ப்ராக்சைடு என்ற வேதிப்பொருள். கிளாரி சேஜ் செடியிலிருந்து ஸ்கிளாரியால் என்ற பொருளை எடுத்து, அதை ஸ்கிளாரியோலைடு என்ற இன்னொரு பொருளாக்கி, பிறகு அதிலிருந்து அம்ப்ராக்சைடு செய்கிறார்கள். இந்த வெள்ளைப் படிகத்தை எத்தனாலில் கரைத்து வைத்துக்கொண்டு சென்ட்டில் சொட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். சர்வதேச நறுமணப் பொருள் சங்கமான இஃப்ராவின் இணையதளப் பட்டியலில் அம்ப்ராக்சைடின் அடையாள எண்ணான 6790-58-5-ஐத் தேடிப் பாருங்கள்.

செய்தியின் கடைசி வரிதான் ஆபத்தானது: "கரையில் கிடைத்தால் கோடீஸ்வரர்." வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி இந்தியாவில் அம்பர்கிரிஸை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.