ஷாங்காயில் ஒரு பருவம்: பாடப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் ஷாங்காய்க்குப் படிக்கப்போகும் தம்பி தங்கைகள் சிலர், எந்தப் பாடங்களை எடுக்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். எங்கே தங்குவது, எந்த மொழியில் நாளைக் கழிப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, அதனால் முதல் ஆறு வாரங்களை வீணாக்கினேன்.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் சீனம் எனக்குப் புதிதன்று என்ற மிதப்பு இருந்தது. மின்தூக்கியிலும் உணவங்காடியிலும் காதில் விழுந்த மாண்டரினே போதுமென்று நம்பியிருந்தேன். பல்கலைக்கழகங்கள் நெருங்கியிருக்கும் யாங்பூ வட்டாரத்தில், காய்கறி விற்கும் பாட்டி ஒருவர் பக்கத்துக் கடைக்காரரோடு பேசியதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் பேசியது ஷாங்காய் மொழி. மாண்டரின் மட்டும் அறிந்த பெய்ஜிங்காரரும் அங்கே திணறத்தான் வேண்டும். நமக்குத் தெரிந்த ‘நீ ஹாவ்’ அவர்கள் வாயில் ‘நொங் ஹாவ்’ ஆகிவிடுகிறது.

ஆனால் அந்த வியப்பைத் தாண்டி நான் எதையும் கற்கவில்லை, ஏனென்றால் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனி விடுதி, ஆங்கிலத்தில் தனி வகுப்புகள் என்று எல்லாம் எங்களுக்குப் பிரித்தே வைக்கப்பட்டிருந்தன. சீன மாணவர்கள் ஓர் அறைக்கு நால்வராக வேறு கட்டடத்தில் இருந்தார்கள். வசதியாக வைத்திருக்கிறோம் என்று பல்கலைக்கழகம் நினைத்திருக்கலாம். என்னைப் பொறுத்தவரை அது ஷாங்காய்க்கு நடுவே ஒரு விமான நிலையக் காத்திருப்புக் கூடத்தில் குடியிருந்ததைப் போலத்தான் இருந்தது. கூகுளும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்ட ஊர் என்பதால் அம்மாகூட வீசாட் பழகிக்கொண்டார். நான்தான் எதையும் பழகிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 1ஆம் தேதி தேசிய நாள் விடுமுறை தொடங்கி விடுதி காலியானபோதுதான் எனக்கு உறைத்தது. (அந்த நீண்ட விடுமுறைக்கு ஈடாக வாரயிறுதியிலும் வகுப்பு வைப்பார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.) விடுமுறை முடிந்ததும் ஒரு மொழி வகுப்பில் உட்கார்ந்து கேட்க ஆசிரியரிடம் அனுமதி வாங்கினேன். ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த உள்ளூர் மாணவன் ஒருவனோடு, ஒரு மணிநேரம் அவன் மொழி, ஒரு மணிநேரம் ஆங்கிலம் என்று பேசிக்கொண்டோம்.

அவனுடைய பாட்டி ஹுவாங்பூ ஆற்றங்கரையின் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். யாங்பூ அப்படிப்பட்ட தொழிற்பேட்டையாகத்தான் இருந்தது. 1883இல் திறக்கப்பட்ட குடிநீர் நிலையத்தின் கோட்டை போன்ற கட்டடங்கள் இன்றும் கரையில் நிற்கின்றன. எதிர்க்கரையில் இன்று வானளாவ நிற்கும் புதோங், 1990இல் அரசு அதை மேம்படுத்த அறிவிக்கும்வரை பெரும்பாலும் வயலும் கிடங்குமாகக் கிடந்ததாம். ‘புதோங்கில் ஒரு வீட்டைவிடப் புசியில் (ஆற்றின் மேற்குக்கரையில்) ஒரு கட்டில் மேல்’ என்று அக்காலத்தில் சொல்வார்கள் என்று பாட்டி சிரித்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பேரன் துணையில்லாமல் புரிந்துகொள்ள எனக்கு டிசம்பர்வரை ஆயிற்று. ஊர் திரும்பியபின் அதிவேக ரயிலையும் கட்டட உயரத்தையும் மட்டும் சொல்லிச் ‘சீனா இப்படித்தான்’ என்று தீர்ப்பெழுதும் நண்பர்களைப் பார்க்கும்போது, அவர்கள் எந்தப் பாட்டியின் வீட்டுக்கும் போகவில்லை என்றே எண்ணிக்கொள்கிறேன்.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களுக்கு மட்டுமே குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கும் மையவெப்பமூட்டல் என்று 1950களில் வகுத்த ஏற்பாட்டில் ஷாங்காய் தெற்குப் பக்கம் விழுந்துவிட்டது. அதனால் பெய்ஜிங்கில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் படிக்கிறார்கள். ஷாங்காயில் சனவரித் தேர்வுக்குக் கையுறையோடு படித்தேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் பரிமாற்றப் பருவத்தின் மதிப்பெண் சராசரியில் சேர்வதில்லை. அப்படியிருக்க, இங்கேயே எடுக்கக்கூடிய ஐந்து ஆங்கிலப் பாடங்களை அங்கே போய் எடுப்பது எனக்கு விளங்கவில்லை. தேர்ச்சிக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, மீதி நேரத்தை மொழிக்குக் கொடுங்கள். வெளியே அறையெடுத்துத் தங்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று விடுதிக்கு முன்பணம் கட்டுமுன் எழுதிக் கேளுங்கள்; அனுமதித்தால், குடிபுகுந்த 24 மணிநேரத்துக்குள் வட்டாரக் காவல் நிலையத்தில் பதிவுசெய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தையும் கடப்பிதழையும் எடுத்துப்போங்கள். அங்கே ஆங்கிலம் பேச ஆள் இருப்பார்கள் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.