‘அந்த இடம்’ மட்டும் போதுமா?

கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் இது. போனைத் திறந்தால், ஒரு பாட்டின் உச்சமான இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, கீழே “ஹெட்போன் போட்டுக் கேளுங்க, புல்லரிக்கும்” என்று எழுதிப் போடுகிறார்கள். படக் காட்சிகளும் அப்படித்தான் வருகின்றன. அப்பா சாகிற இடம், பிரிந்த மகள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற இடம், எல்லாமே 30 நொடி. லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். ஆனால் பாட்டும் கூத்தும் சினிமாவும் நமக்குத் தருகிற பெரிய விஷயம் ஒன்று இதில் பறிபோகிறது என்று நம்புகிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாக வரும், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு பாட்டில் நமக்குச் சிலிர்க்கிறது, கண் கலங்குகிறது என்றால் அந்த நொடி மட்டும் அதைச் செய்வதில்லை. அதற்கு முன்னால் நாம் காத்திருந்த நேரமும் சேர்ந்துதான் செய்கிறது. காத்திருப்பை வெட்டிவிட்டு நொடியை மட்டும் கொடுத்தால், வந்து சேர்வது வேறு ஏதோ ஒன்று.

1985-ல் வந்த ‘சிந்து பைரவி’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் பெரிய வித்வான் தெலுங்குக் கீர்த்தனைகளாகப் பாடிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் இருந்து ஒரு பெண் எழுந்து, இது எத்தனை பேருக்குப் புரியும், தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். நீயே பாடிக்காட்டு என்கிறார் அவர். அவள் ‘பாடறியேன் படிப்பறியேன்’ என்று தொடங்குகிறாள். சாதாரணமான நாட்டுப்பாட்டு மாதிரிதான் ஆரம்பிக்கிறது. அப்புறம் தாளம் சேர்கிறது. பாட்டிலேயே வழக்காடுகிறாள். பிறகு ஸ்வரம் பாட ஆரம்பிக்கிறாள். ஸ்வரம் வேகமெடுத்து வந்து ஓரிடத்தில் ‘மரி மரி நின்னே’ என்று தியாகராஜரின் கீர்த்தனையில் போய் இறங்குகிறது. இவ்வளவு நேரம் அவள் பாடிய நாட்டுப்பாட்டும் அந்தக் கீர்த்தனையும் ஒரே ராகம் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. ராகம் சாரமதி. அந்தக் கீர்த்தனை வழக்கமாகக் காம்போதியில் பாடப்படுவது. இளையராஜா அதைச் சாரமதிக்குக் கொண்டுவந்தார். சித்ராவுக்கு முதல் தேசிய விருது வாங்கிக்கொடுத்த பாட்டும் இதுதான்.

ராகத்தின் பெயர்கூடத் தெரியாதவர்களுக்கும் அந்த இடத்தில் உடம்பு சிலிர்ப்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஏன்? அந்தப் பெண் தோற்றுவிடுவாளோ என்று அத்தனை நிமிஷமும் நமக்குள் ஒரு பதைப்பு இருக்கிறது. ‘மரி மரி நின்னே’ வரும்போது அது மொத்தமாகக் கரைகிறது. இப்போது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிக் கேட்டுப் பாருங்கள். நல்ல குரலில் நல்ல கீர்த்தனை. அவ்வளவுதான். அந்த மேடையை அவள் ஜெயித்த கதை அதில் இல்லை.

இது என் கற்பனை மட்டும் இல்லை. கனடாவில் மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு. சிலிர்க்கிற நொடியில் மூளையில் டோபமின் என்கிற, இன்பத்தோடு தொடர்புள்ள ரசாயனம் சுரக்கிறது என்பது ஒரு கண்டுபிடிப்பு. எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று: அந்த நொடி வருவதற்கு முன்னாலேயே, அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியில் டோபமின் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. மிகச் சிலரை வைத்துச் செய்த ஆய்வுதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் தங்களுக்கு எப்போதும் சிலிர்க்கும் இசையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். எந்த இடத்தில் என்ன வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அதனால்தான் காத்திருக்க முடிந்தது.

‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்த படம். நம் அப்பா அம்மாக்கள் ‘நலந்தானா’ பாட்டுக்கு ஏன் அப்படிக் கலங்குகிறார்கள் என்று படத்தை முழுசாகப் பார்க்காத பிள்ளைகளுக்குப் புரிவதே இல்லை. மேடையில் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காயம்பட்டு மீண்டு வந்தவன் நாயனம் வாசிக்கிறான். அவனைக் காதலிக்கிற நாட்டியக்காரியால், அவன் எப்படி இருக்கிறான் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது, ஆட்டத்திலும் பாட்டிலும்தான் கேட்க முடியும். பதில் நாயனத்தில் வருகிறது. பக்கத்தில் தவில்காரராக பாலையா உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தாலே நமக்குத் தொண்டை அடைக்கும். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனம் தனியாகக் கேட்டாலும் அருமைதான். ஆனால் அந்த நாயனம் ஒரு பதில் என்பது கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

‘மூன்றாம் பிறை’ கடைசிக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரயில் நிலையம், மழை, நொண்டிக்கொண்டே ஒருவன் குரங்கு வித்தை காட்டுகிறான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது, அவன் யாரென்றே தெரியவில்லை. அந்தக் காட்சியை மட்டும் பார்க்கிறவர் அவளுடைய நிலையில்தான் இருக்கிறார், அவருக்கும் அவன் யாரென்று தெரியாது. அதே வித்தையைச் செய்துதான் அவளைக் குழந்தை மாதிரிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான் என்பதை முழுப் படமும் பார்த்தவர்கள்தான் அறிவார்கள். பாலு மகேந்திரா அத்தனை நேரம் நம்மைக் கூட்டிக்கொண்டு வந்தது இந்தச் சில நிமிஷங்களுக்காகத்தான். இதை ‘அழ வைக்கும் காட்சி’ என்று தலைப்புப் போட்டுத் தனியாகச் சுற்ற விடுவது எனக்குக் கோபமாகவே வருகிறது.

சரி, ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. நிறையப் பேருக்கு அந்த 30 நொடியிலேயே கண் கலங்குகிறதே? உண்மை. எனக்கும் கலங்கியிருக்கிறது. ஆனால் அப்படிக் கலங்கியவை எல்லாம் நான் முன்பே முழுசாகக் கேட்ட, பார்த்த விஷயங்கள். ஒரு புல்லாங்குழல் துணுக்கைக் கேட்டதும் மொத்தப் பாட்டும், அதைக் கேட்ட வீடும், கூட இருந்தவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். அங்கே துணுக்கு ஒரு ஞாபகம்தான். அந்த வகையில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. என் கவலை எல்லாம் அடுத்த தலைமுறையைப் பற்றித்தான். துணுக்கை மட்டுமே கேட்டு வளர்கிற பிள்ளைக்கு நாளைக்கு ஞாபகம் வர எது இருக்கும்?

பழைய காலத்தில் மட்டும் நீளமாகவா பாடினார்கள் என்று கேட்கலாம். இல்லை. 78 ஆர்பிஎம் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும். அதற்குள்ளேயே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஒரு முழுப் பயணத்தை வைத்தார்கள். ஆக, நீளம் இங்கே விஷயமே இல்லை. மூன்று நிமிஷமானாலும் அதில் புறப்படுகிற இடம், போகிற வழி, சேர்கிற இடம் எல்லாம் இருந்தன. நேரத்தை மிச்சம் பிடிக்க இடையிசையை வெட்டி ஒலிபரப்புவதைக் கேட்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. இரண்டாவது சரணத்துக்குள் நுழையும்போது குரல் கனிந்து வருகிறது என்றால், அதற்கு முன்னால் வயலின்கள் நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன.

இன்னொரு பக்கம் டிவி பாட்டுப் போட்டிகள். ஒரு சின்னப் பிள்ளை பாட வருகிறது. அது வாயைத் திறப்பதற்கு முன்பே அதன் வீட்டுக் கஷ்டத்தை ஒரு வீடியோவாகப் போடுகிறார்கள். பாடிக்கொண்டிருக்கும்போது கேமரா பிள்ளையை விட்டுவிட்டு நடுவரின் கண்ணீரைத் தேடிப் போகிறது, அப்புறம் அம்மாவின் கண்ணீர், அப்புறம் பார்வையாளர்களில் ஒருவர். மேலே சோகமான வயலின் ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள், பிள்ளையின் சுருதிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அந்தப் பிள்ளை எத்தனை மாதம் சாதகம் செய்து அந்தச் சங்கதியைப் பிடித்திருக்கும்! அதைக் கேட்க விடுங்கள். எங்கே அழ வேண்டும் என்று நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம். வறுமையைக் காட்டி வாங்குகிற கண்ணீர் அந்தக் குரலுக்குச் செய்கிற மரியாதை இல்லை.

காத்திருப்பு மனிதர்களை என்ன செய்யும் என்பதை நான் முழுசாகப் பார்த்தது எங்கள் வட மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில்தான். என் பெரியம்மா ஊர் செய்யாறு பக்கம். பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம் நடக்கும், ஒருவர் உட்கார்ந்து வில்லிபாரதத்தைப் படித்து விளக்கிச் சொல்லுவார். ராத்திரி கூத்து. வில்வளைப்பு, ராஜசூய யாகம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று ராத்திரிக்கு ஒன்றாகப் போகும். பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடிகிற வரைக்கும்.

வேஷம் உள்ளே வருவதே ஒரு பெரிய காரியம். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் இருந்து பாட்டுக் கேட்கும். மத்தளமும், முகவீணை என்கிற சின்னக் குழல் வாத்தியமும் ஏறிக்கொண்டே போகும். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். மேலே கிரீடத்தின் நுனி. முகத்தைக் காட்டவே மாட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் முழங்காலில் எழுந்து நிற்பார்கள். கடைசியில் திரை விலகும்போது எழுகிற சத்தம் இருக்கிறதே, எந்தத் தியேட்டரிலும் நான் கேட்டதில்லை.

துகில் நடக்கிற ராத்திரி வேறு மாதிரி. துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சேலையைத் தொடுவார். கற்பூரம் ஏற்றுவார்கள். கூட்டத்தில் பெண்களுக்கு அருள் வந்துவிடும். திரௌபதி, துரியோதனன் ரத்தத்தைத் தடவித்தான் கூந்தலை முடிவேன் என்று சபதம் செய்வாள். அங்கிருந்து நாட்கள் போகும். கூந்தல் விரிந்தபடியே இருக்கும். கடைசியாகப் படுகளத்தன்று காலையில், திடலில் துரியோதனனைப் பெரிய மண் உருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் அடிக்க, தொடையில் இருந்து ‘ரத்தம்’ எடுத்து, திரௌபதி கூந்தலை முடிவாள்.

அந்த நேரத்தில் ஊரே அழும். சின்னப் பெண்ணாக இருந்தபோது பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறேன், “வருஷா வருஷம் இதேதானே பெரியம்மா, கூந்தல முடியத்தான் போறாள்னு தெரியும்ல, அப்புறம் ஏன் அழறீங்க?” பெரியம்மா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “அவ முடியற வரைக்கும் எனக்கு மனசு ஆறாதுடி. இந்த வருஷம் முடியறாளான்னு பாக்க வேணாமா?” தன் வாழ்க்கையில் கேட்க முடியாத நியாயம் பெரியம்மாவுக்கு எவ்வளவோ இருந்தது. அவ்வளவும் அந்தக் கூந்தலோடு சேர்ந்து விரிந்து கிடந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. துகில் ராத்திரியில் இருந்து படுகளத்துக் காலை வரைக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் சமைத்தாள், கழனிக்குப் போனாள்.

எங்கள் பக்கம் யாராவது இறந்தால், காரியத்தன்று ராத்திரி கர்ண மோட்சம் வைக்கிற வழக்கமும் உண்டு. கர்ணன் போருக்குக் கிளம்புவான், மனைவி பொன்னுருவி தடுப்பாள், அவன் கேட்க மாட்டான். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், புருஷனை இழந்த வீட்டில், இதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்ப்பார்கள். சொந்தத் துக்கத்தை வாய்விட்டு அழ முடியாதவர்கள்கூட விடிகாலையில் கர்ணன் சாயும்போது அழுதுவிடுவார்கள். துக்கம் வெளியே வர ஒரு ராத்திரி பிடிக்கும் என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது படுகளத்துக்கு டூவீலரிலும் காரிலும் நிறையப் பேர் வருகிறார்கள், சந்தோஷம்தான். காலை ஏழு எட்டு மணிக்கு வந்து, கூந்தல் முடிகிற இடத்தைப் போனில் எடுத்துக்கொண்டு, தீமிதிக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் போடுகிற வீடியோவில் கூட்டம் அழுவது தெரிகிறது, எதற்கு அழுகிறார்கள் என்பது தெரியவில்லை. கீழே “மூடநம்பிக்கை” என்று ஒருவர், “தெய்வீகம்” என்று ஒருவர். இரண்டு பேருமே துகில் ராத்திரியில் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

வரும் கோடையில் செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கம் எங்காவது பாரதம் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் கடைசி நாளுக்கு வராதீர்கள். துகிலுக்கு வாருங்கள். ஒரு போர்வையும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசை பிள்ளைகளுக்கு, அதற்குப் பின்னால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். தனியாக வருகிற பெண்கள் பாட்டிமார்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், கதையும் சொல்லுவார்கள், காலையில் டீயும் வாங்கிக் கொடுப்பார்கள்.