பேய்க்கு முன்கதை எதற்கு?

பேய்ப் படங்களின் கடைசி அரை மணி நேரத்தை வெட்டி எறியும் அதிகாரம் என்னிடம் கொடுக்கப்பட்டால், அவற்றில் பாதியாவது தேறிவிடும். கொஞ்ச நாட்களாகத் தொடர்களும் திகில் படங்களுமாக மாற்றி மாற்றிப் பார்த்ததில் இந்த எரிச்சல் முற்றிவிட்டது. கொட்டித் தீர்க்கவே இந்தப் பதிவு. சில இடங்களில் கதையின் முடிச்சையும் அவிழ்த்திருக்கிறேன். பார்க்காதவர்கள் கவனமாகப் படியுங்கள்.

தமிழ்ப் பேய்ப் படத்தின் போக்கு உங்களுக்கே தெரியும். இடைவேளை வரை கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், குழந்தை வெறும் சுவரைப் பார்த்துச் சிரிக்கும், நமக்கும் முதுகுத்தண்டு சில்லிடும். அதன் பிறகு ஒரு சாமியாரோ பாதிரியாரோ வந்து சேருவார். அவர் வாயைத் திறந்தால் முன்கதை. அந்தப் பேய் ஒரு காலத்தில் தங்கமான பெண். நான்கு கயவர்கள் சேர்ந்து அவளைக் கொன்றுவிட்டார்கள். இப்போது பழிவாங்க வந்திருக்கிறாள். அதுவரை யாரைப் பார்த்து நடுங்கினோமோ அவளுக்காகவே இனி நாம் கண்ணீர் விட வேண்டும். நியாயமான கோபத்தோடு அலையும் பேயிடம் எனக்கென்ன பயம்? நான்தான் அவளுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே!

2014இல் தொடங்கிய ‘அரண்மனை’ வரிசை 2024இல் நான்காம் பாகத்தை எட்டிவிட்டது. அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சிரிக்கவைக்க எடுத்த படங்கள் அவை, அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

முன்கதை இருந்தாலே படம் கெட்டுவிடும் என்றும் சொல்லமாட்டேன். விக்ரம் கே. குமார் இயக்கி 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். பதின்மூன்றாம் மாடியில் புது வீட்டுக்குக் குடிவரும் கூட்டுக் குடும்பம். மாதவன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. வீட்டுக்குள் எடுத்த படங்களில் மட்டும் அவர் முகம் கோணிக்கொண்டு தெரியும். மதியம் ஒரு மணிக்கு ஒரு தொடர் ஓடும், அதில் வரும் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இவர்களுக்கும் நடக்கும். தொடக்கத்தில் நல்ல செய்திகளாகவே வரும், அதுதான் குலைநடுங்கவைக்கிறது. இங்கேயும் பழைய கொலையும் பழியும் உண்டு. ஆனால் அவற்றைச் சாமியார் உட்கார்ந்து ஒப்பிக்கவில்லை. அடுத்த எபிசோடில் தன் வீட்டுக்கு என்ன காத்திருக்கிறதோ என்று ஒரு மனிதன் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும்போது, பின்னணி இசையே இல்லாமலும் நமக்கு வியர்க்கும். பக்கத்தில் அம்மாவும் அண்ணியும் ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

மம்மூட்டி நடித்த ‘பிரமயுகம்’ (2024) பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். முழுக்கக் கறுப்பு வெள்ளை, விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கதைமாந்தர்கள். எனக்கு அதில் ஒரு காட்சி போதும். காட்டில் வழிதவறி வந்த பாணன் தேவனை, மனையின் எஜமானர் பகடையாட அழைக்கிறார். பணயம் வைக்க அவனிடம் ஒன்றுமில்லை. உன் நேரத்தை வை என்கிறார். தோற்றால் அங்கிருந்து கிளம்ப முடியாது. ரத்தமில்லை, அலறலில்லை, திடுக்கென்று திரையில் பாயும் முகமில்லை. ஒரு பெரியவர் வெற்றிலைக் காவிப் பற்கள் தெரியச் சிரிக்கிறார், பகடை உருள்கிறது, அவ்வளவுதான். இயக்குநர் ராகுல் சதாசிவனின் முந்தைய ‘பூதகால’மும் (2022) இதே வகை. அங்கே பேயைவிட, அம்மாவும் மகனும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாமல் இருப்பதுதான் மூச்சு முட்டவைக்கும். அம்மாவாக வரும் ரேவதிக்காகவே அதை இரண்டு முறை பார்க்கலாம்.

தொடர்களுக்கு வருகிறேன். முன்கதை என்ற நோய் அங்கே சீசன் கணக்கில் பரவியிருக்கிறது. 2016இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ முதல் சீசன் வந்தபோது, மகனைத் தொலைத்த தாய் சுவரில் எழுத்துகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வண்ண விளக்கு தொங்கவிடுவாள். மகன் எங்கிருந்தோ விளக்குகளை எரியவிட்டுப் பதில் சொல்வான். கடைசியாக அந்த விளக்குகள் ‘ஓடு’ என்று சொல்லும்போது நானும் எழுந்து ஓடியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான்காம் சீசனில் எல்லாம் தெரிந்துவிட்டது. வில்லனுக்குப் பெயர், குடும்பம், குழந்தைப் பருவம், மனக்காயம் எல்லாம் வந்துவிட்டன. 2025 கடைசியில் வந்த இறுதி சீசனில் பிள்ளைகளிடம் விடைபெற்றபோது கண் கலங்கியது உண்மை. பயம் எப்போதோ விடைபெற்றுப் போயிருந்தது.

‘த ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (2018) மட்டும் விதிவிலக்கு. நெல் என்ற பெண்ணைச் சிறுவயதிலிருந்து கழுத்து முறிந்த உருவம் ஒன்று துரத்துகிறது. அது யாரென்று ஐந்தாம் எபிசோடில் தெரிகிறது: அவளேதான், சாகும் தருணத்தில் இருக்கும் அவள். பிற கதைகளில் விளக்கம் வந்ததும் நெஞ்சுப் பாரம் இறங்கும். இங்கே விளக்கம்தான் பாரத்தை ஏற்றுகிறது. சிறுமியாக அவள் அலறிய இரவுகளையெல்லாம் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இயக்குநர் மைக் ஃபிளானகன், காட்சிகளின் பின்புறத்தில் யாரும் சுட்டிக்காட்டாத உருவங்களையும் ஆங்காங்கே நிறுத்திவைத்திருக்கிறார். மாடிப்படியின் இருட்டில் ஒருவர் நிற்பார், பேசிக்கொண்டிருக்கும் குடும்பம் கவனிக்காது, நாமும் பாதி நேரம் தவறவிடுவோம்.

இடையில் ஒரு புலம்பல். காது கேளாதோருக்கான வசனவரிகள் அவசியமானவை, மறுக்கவில்லை. ஆனால் கதவு திறப்பதற்கு முன்பே ‘அச்சமூட்டும் இசை’ என்று கீழே எழுதிக் காட்டினால் திடுக்கிடலில் பாதி போய்விடுகிறது. தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமென்றால் மூச்சிரைப்பும் விசும்பலும் ஒலிப்பதிவு அறையில் துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக வருகின்றன.

இத்தனை பேய்களுக்கு நடுவில் என்னை அதிகம் கலங்கடித்தது பேயே இல்லாத ஒன்று. ‘அடோலசென்ஸ்’ (2025), நான்கே எபிசோடுகள், ஒவ்வொன்றும் வெட்டில்லாத ஒரே ஷாட். 13 வயதுப் பையனைக் கொலை வழக்கில் கைது செய்கிறார்கள். அவன்தான் செய்தான் என்பது முதல் எபிசோடின் முடிவிலேயே கண்காணிப்புக் கேமரா பதிவில் தெரிந்துவிடுகிறது. அங்கேயே கதை முடிந்ததாகத்தானே அர்த்தம்? மூன்றாம் எபிசோடில் ஒரு அறை, ஒரு மேசை, அவன், ஒரு உளவியலாளர். பாதி சாண்ட்விச்சை அவனுக்குக் கொடுக்கிறாள். சின்னப் பிள்ளையாகச் சிரிக்கிறான், கிண்டல் செய்கிறான். திடீரென்று எழுந்து நின்று கத்துகிறான், அடுத்த நிமிடம் மறுபடியும் பிள்ளையாகிவிடுகிறான். அவனை இழுத்துச் சென்ற பிறகு அவள் நடுங்கும் உடம்பை அடக்கப் பாடுபடுகிறாள். ஏன் செய்தான் என்பதற்குத் துண்டு துண்டாகப் பல காரணங்கள் கிடைக்கின்றன, எதுவும் முழு விடையாகவில்லை. அவனாக நடித்த ஓவன் கூப்பருக்கு அதுதான் முதல் நடிப்பு அனுபவம் என்றால் நம்பவே முடியவில்லை.

‘சின்னர்ஸ்’ (2025) பார்த்தேன். ரத்தக் காட்டேரிகள் அழைக்காமல் உள்ளே வர முடியாது என்பது பழைய விதி. வெளியே போய்த் திரும்பிய தங்கள் ஆளே வாசலில் நின்று உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சும்போது, இவ்வளவு பெரிய உருவம் ஏன் தானாக நுழையவில்லை என்ற சந்தேகம் உள்ளிருப்பவர்களுக்கு வரும் அந்த ஒரு கணம் அருமை. இசையும் அருமை. பிற்பகுதிச் சண்டை எனக்குக் கொஞ்சம் நீளம்.

கடைசியாக ‘வெப்பன்ஸ்’, இதுவும் 2025. ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 குழந்தைகள் நள்ளிரவு 2:17 மணிக்கு எழுந்து, இரு கைகளையும் விரித்தபடி இருட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். ஒருவன் மட்டும் மறுநாள் வகுப்புக்கு வருகிறான். இதைச் செய்தது யாரென்று படம் சொல்கிறது: அத்தை என்று சொல்லிக்கொண்டு வந்து சேரும் ஒரு கிழவி. எப்படிச் செய்தாள் என்றும் காட்டுகிறது: முள் குச்சியில் முடியைச் சுற்றுகிறாள், ரத்தம் தடவுகிறாள், மணியடிக்கிறாள், குச்சியை ஒடிக்கிறாள். அவள் யார், எங்கிருந்து வந்தாள், அவளுக்கு என்ன வயது, ஒன்றும் கிடையாது. கோமாளிபோல் பூச்சும் விக்குமாக வந்து நிற்கிறாள். சிரிப்பதா ஒளிந்துகொள்வதா என்று தெரியாமல் விழித்தேன். அந்தக் கிழவியின் முன்கதையைத் தனிப் படமாக எடுக்கப் பேச்சு நடப்பதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. வந்தால் முதல் நாளே போய்ப் பார்ப்பேன், திரும்பி வந்து இங்கேயே திட்டியும் தீர்ப்பேன்.