4கே என்றால் எல்லா முகமும் தெரியாது

திருகோணமலை சீனன்குடா விமான நிலையத்தின் நாலு மூலையிலும் 4கே கமரா பூட்டினால் வேலியோரம் நிற்பவனின் முகம்கூடத் தெரியும் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

4கே படத்தின் அகலம் 3840 பிக்சல்தான், அதாவது படத்தை உண்டாக்கும் 3840 புள்ளிகள். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, படத்தில் விழும் இடத்தின் அகலத்தில் மீற்றருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது ஈஎன் 62676-4 என்ற ஐரோப்பியத் தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு. வகுத்துப் பாருங்கள், சுமார் 15 மீற்றர் அகலம்தான் தேறும். 150 மீற்றர் அகலத்தைப் படத்தில் பிடித்தால் மீற்றருக்கு 25 பிக்சல். அங்கே ஓர் ஆள் நிற்கிறான் என்பது தெரியும், அவ்வளவுதான். பிறகு பெரிதாக்கினாலும் பதிவாகாத முகம் வராது. (சினிமாவில் வரும்!)

வேலிக்கு உடல் சூட்டைக் காட்டும் வெப்பக் கமராவும் ராடாரும் வைப்பது முகம் பார்க்க அல்ல, நடமாட்டத்தைக் கண்டுபிடிக்க. முகத்துக்கான கமரா வாசலிலும் கவுண்டரிலும், ஆள் கிட்ட வரும் இடத்தில்தான் இருக்கும்.