சட்டை மட்டும் காவல் காக்குது

லினக்ஸோட மையப் பகுதியான கர்னலுக்கு அப்டேட் வந்துச்சு, சர்வர் ரீபூட் ஆச்சு, அதைக் காவல் காக்கிற செக்யூரிட்டி ஏஜென்ட் மென்பொருள் படுத்துடுச்சு. மறுபடியும்! படுத்ததைச் சொல்லித் தொலைச்சாலாவது பரவாயில்லை. சர்வீஸ் ஓடுதான்னு கேட்கிற சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையைப் போட்டா 'ஆக்டிவ், ரன்னிங்'னு பல்லைக் காட்டுது. கர்னலுக்குள்ள ஏறின துண்டுகளை (மாட்யூல்) பட்டியல் போடுற எல்எஸ்மாட் போட்டா, ஏஜென்ட்டோட மாட்யூலையே காணோம். கர்னலோட பதிவான டிமெஸ்க்கைத் தோண்டினா மூலையில ஒரே வரி: வெர்மேஜிக் (மாட்யூல் எந்தக் கர்னலுக்குக் கட்டினதுங்கிற முத்திரை) பொருந்தலை. அதாவது ஏஜென்ட்டோட பின்னணி புரோகிராமான டீமன் ஓடுது, மெமரியைத் தின்னுது, தலைமை கன்சோலுக்கு 'நலம், நலமறிய ஆவல்'னு தவறாம கடுதாசி போடுது. எந்த புராசஸ் என்ன பண்ணுதுன்னு பார்க்க வேண்டிய கண்ணு மட்டும் இல்லை. இதுக்குப் பேரு 'குறைந்த செயல்பாட்டு நிலை'யாம். வாட்ச்மேன் சட்டையை ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போறதுக்கு என்ன ஒரு கௌரவமான பேரு!

அந்த அப்டேட் வந்ததே ஓட்டையை அடைக்கத்தான். அடைச்சா காவல் போச்சு. காவல் வேணும்னா ஓட்டையோட கிட. அப்டேட்டை நிறுத்திவைக்கிற ஏபிடி-மார்க் ஹோல்ட் போட்டு கர்னலைக் கட்டிவெச்சா பேட்ச் ரிப்போர்ட் சிவக்குது. அவிழ்த்துவிட்டா ஏஜென்ட் ரிப்போர்ட் சிவக்கணும்ல? சிவக்காது. பச்சை!

ஏஜென்ட் கம்பெனிகிட்ட கேட்டா 'கர்னல் மாறிக்கிட்டே இருக்கு'ன்னு பதில். கர்னலுக்குள்ள இருக்கிற ஏபிஐ (மாட்யூல் வந்து ஒட்டுற இடைமுகம்) நிலையா இருக்காதுன்னு லினக்ஸ்காரங்க ஆவணத்துலயே எழுதிவெச்சிருக்காங்களே சாமி! 2020ல 5.7 கர்னல், உள்ளே எது எந்த முகவரியில இருக்குன்னு காட்டுற கால்சிம்ஸ்-லுக்கப்-நேமை வெளி மாட்யூல்களுக்குத் தர மாட்டேன்னு கதவைச் சாத்தினப்போ, அதை நம்பி புரோகிராம்கள் கர்னலைக் கூப்பிடுற பட்டியலான சிஸ்கால் டேபிள்ல கைவெச்சுப் பிழைச்சதெல்லாம் திருதிருன்னு முழிச்சுது. அப்பவாவது புத்தி வந்திருக்கணும். மாட்யூல் இல்லாமலே கர்னலுக்குள்ள சின்ன புரோகிராம் ஓட்டுற இபிபிஎஃப்-க்கு மாறிட்டோம்னு மார்தட்டுறவங்களும், கர்னல்ல BTF தகவல் (உள்ளே இருக்கிற டேட்டாவோட அமைப்பைச் சொல்றது) இல்லைன்னா கையை விரிக்கிறாங்க.

சரி, கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் திரும்பக் கட்டுற டிகேஎம்எஸ் வெச்சு நாமளே கட்டிக்கலாம்னா, புதுக் கர்னலோட ஹெடர் பேக்கேஜ் இல்லாம கட்டாது. கட்டினாலும், நம்பின கையெழுத்து இல்லாத மாட்யூலை உள்ளே விடாத செக்யூர் பூட் சாவி கேட்கும். சாவியைப் பதியுற கருவியான மோக்யூடில்ல சாவியை இம்போர்ட் பண்ணு, ரீபூட் பண்ணு, நீலத் திரை வந்த 10 விநாடிக்குள்ள ஒரு கீயை அழுத்து. அசந்தா அது பாட்டுக்கு பூட் ஆகிடும். இப்படி ஒவ்வொரு சர்வரா, கன்சோல் முன்னாடி தவம்.

ஸ்டேட்டஸை நம்பாதீங்க. ரீபூட் ஆனதும் மாட்யூல் ஏறிச்சான்னு தனியா ஒரு ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். இல்லைன்னா பூட் மெனுவான கிரப்ல பழைய கர்னலுக்கே திரும்புங்க. ரீபூட்டுக்கு முன்னாடியே, எந்தக் கர்னல்ல ஏஜென்ட் ஓடும்னு சொல்ற ஆதரவுப் பட்டியலைப் பார்க்கலாம்தான். அது PDF கோப்பு. கர்னல் எண்ணு பாதி இந்த வரியில, மீதி அடுத்த வரியில. தேடினா சிக்காது. யாருய்யா அந்த டேபிளைப் போட்டது?